தகடு இருந்தது

அந்த தேவாலயத்தின் மைக் செட்டுக்கு ஒரு வினோதமான வியாதி இருந்தது. மற்ற ஞாயிறுகளில் தங்கமாக வேலை செய்யும். மாதத்தின் முதல் ஞாயிறு, திருவிருந்து கொடுக்கிற அன்றைக்கு மட்டும், போதகர் அப்பத்தைக் கையில் எடுத்தவுடன் அதற்கு ஏதாவது வந்துவிடும். கடைசி வரிசையிலிருந்து வயர்மேன் எழுந்து போய்ப் பெட்டிக்கு முன்னால் குனிவார். ஒரு ஒயரைப் பிடுங்குவார், மறுபடி சொருகுவார், நன்றாக இருக்கிற திருகாணியை இன்னும் கொஞ்சம் முறுக்குவார். சபையார் வரிசை வரிசையாக முன்னால் போய் முழங்காலிட்டு அப்பம் வாங்கித் திரும்பி வந்து உட்காரும்வரை அந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டுவார். இப்படியே ஒன்பது வருஷம் ஓடிவிட்டது.

“பாவம் மனுஷர், நமக்காக ஓடியாடுறதுல அப்பம் வாங்கக்கூட அவருக்கு நேரமில்ல” என்று சபையில் உருகினார்கள். ஒரு வருஷம் அவருக்கு நற்சேவைச் சான்றிதழ்கூடக் கொடுத்தார்கள். அவர் அதை வாங்கிக்கொண்டு போய் பீரோவுக்குப் பின்னால் போட்டார். ஊழியம் செய்கிற ஆளைப் போய் யார் சந்தேகப்படுவார்கள்? அந்த மைக் பெட்டிக்கு ஒரு நாளும் ஒரு கோளாறும் இருந்ததில்லை என்பது அவருக்கும் ஆண்டவருக்கும் மட்டும் தெரிந்த சங்கதி.

வயர்மேன் என்று அவரைக் கூப்பிட ஆரம்பித்தது ரொட்டிக் கம்பெனியில். இருபத்தாறு வருஷமாக அங்கே மின்சார வேலை. குட்டையான ஆள், சட்டைப்பையில் எப்போதும் ஒரு டெஸ்டர், வாயில் எப்போதும் ஒரு கேலி. கம்பெனியில் யாருக்குக் கோபம் வந்தாலும், “எங்க, நாக்க நீட்டு, எத்தனை வோல்ட்டுன்னு பாப்போம்” என்று டெஸ்டரை எடுத்துக்கொண்டு வருவார். கெட்ட மனுஷர் என்று அவரை யாரும் சொல்ல மாட்டார்கள். நானும் சொல்ல மாட்டேன். கெட்டவர்கள் செய்கிற காரியத்தை நல்லவர்கள் செய்யும்போதுதான் கதையே வருகிறது.

அதே கம்பெனியில் மாவு பிசைகிற மெஷினைப் பார்த்துக்கொண்டவர் அவருடைய தங்கையின் வீட்டுக்காரர். அவரைக் கம்பெனிக்குள் கொண்டுவந்ததே வயர்மேன்தான். மச்சான் கூப்பிட்டார் என்று வந்த மாப்பிள்ளை, மூன்றே வருஷத்தில் கம்பெனியின் கையாக ஆகிவிட்டார். தண்ணீர் எவ்வளவு, இன்னும் எத்தனை நிமிஷம் ஓட வேண்டும் என்பதற்கெல்லாம் சுவரில் அட்டவணை ஒட்டியிருந்தது. மாப்பிள்ளை அதைப் பார்க்க மாட்டார். வலது கையை மாவுக்குள் விட்டு ஒரு கிள்ளு கிள்ளி, இரண்டு விரலுக்கு நடுவே இழுத்துப் பார்ப்பார். “இன்னும் ஒரு நிமிஷம்” என்றால் ஒரு நிமிஷம்தான். மேனேஜரே வந்து நின்றாலும் அதில் மாற்றமில்லை. பேச்சு குறைவு, வேலை சுத்தம். செருப்பைக்கூட ஜோடி மாறாமல் கோடு போட்டது மாதிரி விடுகிற ஆள்.

மெஷின் தொட்டி ஒரு ஆள் இடுப்புவரை குனிகிற ஆழம். ஒரு தடவை மாவு எடுத்ததும், அடுத்ததைப் போடும் முன் ஒட்டியிருப்பதைச் சுரண்டியாக வேண்டும். அப்போது மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, அதன் கொக்கியில் கயிறு கட்டிய ஒரு சிவப்புத் தகட்டை மாட்ட வேண்டும். ‘உள்ளே ஆள் இருக்கிறார்’ என்று அதில் எழுதியிருக்கும். மாட்டினவர்தான் அதை எடுக்க வேண்டும், வேறு யாரும் தொடக்கூடாது. இதுதான் சட்டம். மாவுத் தூசி படக்கூடாது என்று சுவிட்ச் போர்டை மட்டும் சுவருக்கு அந்தப் பக்கம், நடையில் வைத்திருந்தார்கள். போர்டுக்கு முன்னால் நிற்கிறவருக்கு மெஷின் தெரியாது.

இந்தச் சட்டத்தை மற்ற எல்லோரும் ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள். மச்சானும் மாப்பிள்ளையும் மட்டும்தான் இல்லை. மாப்பிள்ளை சில நாள் தகட்டை எடுக்காமலே டீ குடிக்கப் போய்விடுவார், வயர்மேன் எட்டிப் பார்த்துவிட்டு அவரே எடுத்துவிடுவார். அதை எடுக்கச் சொல்லி ஒருத்தரை ஒருத்தர் தேடிக்கொண்டு அலைவானேன்? வேற்றாளாக இருந்தால் பயம் இருந்திருக்கும், பயம் இருந்தால் கவனமும் இருந்திருக்கும். நம்ம மாப்பிள்ளைதானே என்கிற உரிமைதான் கையைக் கொண்டுபோயிற்று.

அன்றைக்கு மத்தியானம், ரொட்டி நகர்ந்து போகிற பெல்ட்டில் பழுது. அதற்கும் அதே மெயின்தான். வயர்மேன் பழுதைச் சரிசெய்துவிட்டு ஓட்டிப் பார்க்க வந்தார். கொக்கியில் தகடு தொங்கியது. கதவு வழியாக எட்டிப் பார்த்தார். மெஷின் பக்கத்து ஸ்டூலில் மாப்பிள்ளையின் தொப்பி மட்டும் இருந்தது. டீக்குப் போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டார். தகட்டைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு கைப்பிடியை மேலே தள்ளினார்.

மாப்பிள்ளை டீக்குப் போகவில்லை. மெஷினுக்கு அந்தப் பக்கம் நின்று தொட்டிக்குள் குனிந்திருந்தார். பழைய மெஷின், மின்சாரம் வந்தவுடன் தானே சுற்ற ஆரம்பித்துவிடும்.

வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது.

ஆஸ்பத்திரி வராந்தாவில், சட்டையெல்லாம் ரத்தமும் மாவுமாக நின்றுகொண்டிருந்த வயர்மேனிடம் சூப்பர்வைசர் கேட்டார். “தகடு மாட்டியிருந்தாரா?” வயர்மேனின் கை தானாகப் பைக்குப் போயிற்று. தகடு அங்கேதான் இருந்தது. “நான் கவனிக்கல சார்” என்றார். வாய் அப்படிச் சொன்னதைக் கேட்டு அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. ஏற்கெனவே ஒரு தடவை எச்சரிக்கைக் கடிதம் வாங்கியவர் அவர், இன்னொன்று வந்தால் வீட்டுக்குத்தான். வீட்டில் இரண்டு பிள்ளைகள். பயம் என்று வந்துவிட்டால் மனுஷனுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு வேகம் வருமோ!

அதோடு விட்டிருந்தால்கூடப் பதற்றத்தில் வந்த பொய் என்று சொல்லலாம். சாயங்காலம், மாப்பிள்ளையின் சாப்பாட்டுப் பாத்திரத்தையும் செருப்பையும் எடுத்து வருகிறேன் என்று கம்பெனிக்குப் போனார். மெஷின் அறையில் யாருமில்லை. தகட்டைப் பைக்குள்ளிருந்து எடுத்து, கைக்குட்டையால் துடைத்து, மெஷின் பக்கத்துச் சுவரில் அதற்கென்று இருந்த ஆணியில், எடுக்கவே எடுக்காதது மாதிரி மாட்டினார். ஜோடியாகக் கிடந்த செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார்.

இரண்டு வாரம் கழித்து விசாரணை. மேஜைக்கு அந்தப் பக்கம் மேனேஜரும் இன்னும் இரண்டு பேரும். இந்தப் பக்கம் கட்டுப் போட்ட கையோடு மாப்பிள்ளை, பக்கத்தில் வயர்மேன். தகடு ஆணியிலேயே இருந்ததைச் சூப்பர்வைசர் மறுநாளே பார்த்து எழுதிவைத்திருந்தார்.

“நான் மாட்டிட்டுத்தான் குனிஞ்சேன் சார்” என்றார் மாப்பிள்ளை.

மேனேஜர் வயர்மேனைப் பார்த்தார். “நீங்க சுவிட்சைப் போடும்போது கொக்கியில தகடு இருந்துதா?”

“இல்ல சார்.”

“நிச்சயமாவா?”

“நிச்சயமா இல்ல சார்.”

மாப்பிள்ளை திரும்பி மச்சானின் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். அந்தப் பார்வையில் சந்தேகம் இருந்திருந்தால் வயர்மேன் பிழைத்திருப்பார், சண்டைக்காவது போயிருப்பார். மாப்பிள்ளை தன்னையேதான் சந்தேகப்பட்டார். “மச்சான் சொன்னா சரியாத்தான் இருக்கும் சார்” என்றார் மெதுவாக. “நான்தான் மறந்திருப்பேன்.”

ஆண்டவரைத் தெரியாது என்று சொன்ன சீஷனுக்குச் சேவல் கூவிற்று என்று வேதத்தில் இருக்கிறது. இங்கே சேவல் எதுவும் கூவவில்லை. டீக்கு விடுகிற சங்கு ஊதிற்று. எல்லோரும் எழுந்து போனார்கள்.

கம்பெனி பெரிய மனசு பண்ணி மாப்பிள்ளையை வேலையை விட்டு எடுக்காமல் கேட்டில் வாட்ச்மேனாக உட்கார வைத்தது. இடது கையால் லாரி நம்பர் எழுதக் கற்றுக்கொண்டார். கை போனது போகட்டும், அதற்கு அவர் சீக்கிரமே பழகிவிட்டார். பழகாதது வேறொன்று. தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வந்து, மறுபடி போய்ப் பார்ப்பார். அடுப்பை அணைத்தோமா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வருவார். எழுதின லாரி நம்பரை மூன்று தடவை சரிபார்ப்பார். மாவில் கை வைத்து “இன்னும் ஒரு நிமிஷம்” என்று சொன்ன ஆள், குழம்பில் உப்புப் போதுமா என்று கேட்டால்கூட, “எனக்கென்ன தெரியும், நீயே பாரு” என்பார்.

வீட்டில் அது வேடிக்கையாக ஆகிவிட்டது. குடையை மறந்தாலும் சாவியை மறந்தாலும், “தகடு மாட்டினீங்களா?” என்பாள் தங்கை. முதலில் கோபத்தில் சொன்னாள், அப்புறம் வருத்தத்தில், அப்புறம் பழக்கத்தில். பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தங்கை வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது யாராவது அதைச் சொல்வார்கள், எல்லோரும் சிரிப்பார்கள். மாப்பிள்ளையும் சிரிப்பார். வயர்மேனும் சிரிப்பார். விசாரணையில் சொன்னது ஒரு நாள் பொய். சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அது வாராவாரம் சொன்ன பொய்.

விபத்துக்குப் பிறகு வந்த முதல் திருவிருந்தில் வயர்மேனும் வரிசையில் எழுந்தார். முன்னால், பீடத்துக்கு எதிரே உள்ள மரத்தடுப்பில் மாப்பிள்ளை முழங்காலிட்டு இடது கையை நீட்டிக்கொண்டிருந்தார். கட்டுப் போட்ட கை மடியில் கிடந்தது. இவர் போய் அதன் பக்கத்தில் தன் முழுக் கையை நீட்ட வேண்டும். ஆண்டவரின் அப்பத்தை வாங்குகிறவன் தன் சகோதரனோடு ஒப்புரவாகி வந்து வாங்க வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர். பாதி வழியில் திரும்பினார். திரும்பினதற்கு ஒரு காரணம் வேண்டுமே, மைக் பெட்டி கண்ணில் பட்டது. அன்றைக்குப் பிடித்த வியாதிதான் அது.

கடவுளிடம் மன்னிப்புக் கேட்பதில் அவர் ஒரு குறையும் வைக்கவில்லை. குளிக்கிற அறையில் கேட்டார், ஏணி மேல் நின்று கேட்டார், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்டார். கண்ணீரும் வரும். அழுது முடித்ததும் மனசு லேசாகும், மன்னித்துவிட்டார் என்றே தோன்றும். அடுத்த ஞாயிறு யாராவது “தகடு மாட்டினீங்களா?” என்பார்கள், போயிற்று. கடவுளிடம் சொல்வதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. அவர் மாப்பிள்ளையிடம் போய்ச் சொல்லிவிட மாட்டார். வயர்மேன் அந்தச் சௌகரியத்தில்தான் ஒன்பது வருஷம் குடியிருந்தார்.

அவரை அங்கிருந்து காலி பண்ண வைத்தது ஒரு கைக்குழந்தை. மாப்பிள்ளையின் மகளுக்குக் கல்யாணமாகி, முதல் பிள்ளை பிறந்து ஐந்து மாதம். ஒரு ஞாயிறு, சாப்பாடு முடிந்து மகளும் தங்கையும் கடைக்குக் கிளம்பினார்கள். “ஒரு மணி நேரந்தான், அப்பா பாத்துக்கட்டும்” என்று மகள் குழந்தையை நீட்டினாள். மாப்பிள்ளை இரண்டடி பின்னால் போனார்.

“என்கிட்ட வேணாம்மா. நான் எங்கயாவது வெச்சுட்டு மறந்துடுவேன்.”

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டே குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். மாப்பிள்ளையும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. பயந்துபோய்ச் சொன்னார். எதிரே உட்கார்ந்திருந்த வயர்மேனுக்கு அது நன்றாகத் தெரிந்தது. அன்றைக்கு அவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு கையை மட்டும்தான் எடுத்தோம் என்று நினைத்துக்கொண்டிருந்தவர், ஒரு மனுஷனின் புத்தியையே அவனிடமிருந்து பிடுங்கி வைத்துக்கொண்டிருக்கிறோம் என்று அன்றைக்குத்தான் உணர்ந்தார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். துணி மடித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

“அவங்க வீட்டுல நான் எத்தனை தடவை சாப்பிட்டிருக்கேன்” என்றாள். “நாளைக்குப் போய்ச் சொல்லுங்க. சொல்லாம இந்த வீட்டுப் படியேறாதீங்க.”

மறுநாள் மத்தியானம் வயர்மேன் கேட்டுக்குப் போனார். மாப்பிள்ளை சின்ன அறையில் உட்கார்ந்து நோட்டில் எதையோ சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

“மாப்ள, ஒண்ணு சொல்லணும்.”

“சீக்கிரம் சொல்லு மச்சான், மைதா லாரி வர்ற நேரம்.”

“அன்னிக்குத் தகடு இருந்துச்சு.”

“என்னிக்கு?”

வயர்மேன் அவருடைய வலது கையைப் பார்த்தார். மாப்பிள்ளையின் பேனா நின்றது.

“நீ மாட்டியிருந்தே மாப்ள. டீக்குப் போயிட்டேன்னு நெனச்சு நான்தான் எடுத்தேன். அப்புறம் நானே கொண்டுபோய் உன் ஆணியில மாட்டினேன். விசாரணையில பொய் சொன்னேன்.”

மாப்பிள்ளை எழுந்து நின்றார். “நான் மாட்டினேனா?”

“மாட்டினே.”

“நல்லா ஞாபகம் இருக்கா?”

“என் கையால எடுத்தேனே. கயித்தை ரெண்டு சுத்து சுத்தியிருந்தே.”

“ரெண்டு சுத்து” என்றார் மாப்பிள்ளை. “ஆமா, நான் எப்பவும் ரெண்டு சுத்துதான் சுத்துவேன்.” அவர் முகத்தில் ஒரு சிரிப்பு பரவிற்று. அப்படி ஒரு சிரிப்பை வயர்மேன் அந்த முகத்தில் ஒன்பது வருஷமாகப் பார்த்ததில்லை. “மாட்டிட்டுத்தான் குனிஞ்சேன். எனக்குத் தெரியும். கண்ணை மூடினா கயிறு கையில படற மாதிரியே இருக்கும். நான்தான் இல்லாததை நெனச்சுக்கறேன்னு... இன்னொரு தடவை சொல்லு.”

“நீ மாட்டியிருந்தே மாப்ள.”

மாப்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்கப்புறம்தான் மற்றதெல்லாம் அவருக்குள் இறங்கியது. சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அணைந்தது.

“ஆணியில மாட்டினேன்னியே, அது எப்ப?”

“அன்னிக்குச் சாயங்காலம்.”

“எனக்கு ஆபரேஷன் நடந்துட்டிருந்தப்ப.”

“ஆமா.”

வயர்மேன் அவர் காலைத் தொடக் குனிந்தார். மாப்பிள்ளை காலை இழுத்துக்கொண்டார். “இங்க வேணாம். லாரி வருது, போ” என்றார். ஹாரன் கேட்டது. மாப்பிள்ளை போய்க் கேட்டைத் திறந்தார்.

அப்படியே வயர்மேன் ஆபீஸுக்குப் போனார். பழைய மேனேஜர் போய்ப் புதியவர் வந்திருந்தார். அவருக்கு இந்தக் கதையே தெரியாது. “ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி நடந்ததை இப்ப எதுக்குங்க கிளறுறீங்க?” என்று அலுத்துக்கொண்டார். எழுதிக் கொடுத்தே தீருவேன் என்று வயர்மேன் உட்கார்ந்துவிட்டார். எழுதியதில் மாப்பிள்ளையின் ஃபைலில் ஒரு தாள் சேர்ந்தது. வயர்மேனை ஒரு மாதம் வீட்டில் உட்கார வைத்தார்கள், பிறகு போர்டு பக்கமே வரக்கூடாது என்று ஸ்டோர் ரூமில் பல்பு எண்ணப் போட்டார்கள். டெஸ்டரைத் திருப்பிக் கொடுக்கும்போது அவருக்கு வலித்தது. வலிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

அதைவிட வலித்தது தங்கை வந்த வரவு. வாசலிலேயே நின்றாள், உள்ளே வரவில்லை.

“எத்தனை தடவை அண்ணே? எத்தனை தடவை அவரைச் சொல்லிக் காட்டியிருப்பேன்? நீ பக்கத்துல உக்காந்து சாப்பிட்டுக்கிட்டே கேட்டுக்கிட்டு இருந்தே. ஒரு தடவையாவது ‘போதும் விடு’ன்னு சொல்லியிருக்கலாம்ல? அவர் கையை எடுத்தது நீ. ஒன்பது வருஷமா அவரைக் குத்தினது நானு. என்னையும் உன்கூடக் கூட்டுச் சேத்துட்டியே.”

அவள் போன பிறகும் கதவைச் சாத்தாமல் நின்றுகொண்டே இருந்தார்.

ஒரு வாரம் கழித்து மனைவி ஒரு சேதி கொண்டுவந்தாள். மாப்பிள்ளை குழந்தையைத் தூக்கிக்கொண்டு தனியாகத் தெருமுனைவரை போய் வந்தாராம். போகும்போது கதவைச் சாத்திவிட்டு ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லையாம். வயர்மேன் ஸ்டோர் ரூமில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து அதை நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டார்.

போதகரிடமும் போய் எல்லாவற்றையும் சொன்னார். மைக் பெட்டியின் வியாதியைப் பற்றிச் சொன்னபோது, அவரைவிடப் பதினைந்து வயது சின்னவரான அந்தப் போதகர் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் விழித்தார். “ஆண்டவர் உங்களை மன்னிச்சுட்டார்ண்ணே. அடுத்த முதல் ஞாயிறு முன்னால வாங்க” என்றார். வயர்மேன் மைக் பெட்டியின் சாவியை மேஜை மேல் வைத்து, மைக்கை வேறு யாரிடமாவது கொடுத்துவிடச் சொல்லிவிட்டு வந்தார்.

அந்த முதல் ஞாயிறும் வந்தது. அப்பம் கொடுக்க ஆரம்பித்தார்கள். நான்காவது வரிசை எழுந்தது. மாப்பிள்ளை மட்டும் எழவில்லை. மற்றவர்கள் போக முழங்காலை ஒதுக்கி வழிவிட்டு உட்கார்ந்திருந்தார். ஆயுசில் ஒரு திருவிருந்தைத் தவறவிடாதவர், கட்டுப் போட்ட கையோடும் போனவர். சகோதரன் மேல் கோபத்தை வைத்துக்கொண்டு அந்த மரத்தடுப்புக்குப் போகக்கூடாது என்று அவரும் கேட்டு வளர்ந்தவர்தான். பொய்யாக மன்னித்துவிட்டேன் என்று சொல்லத் தெரியாத ஆள். பின்னாலிருந்து வயர்மேன் அதைப் பார்த்தார். அவரும் எழவில்லை. அடுத்த மாதமும் அப்படியே.

“நான் வாயத் திறந்திருக்கவே கூடாது” என்று போதகரிடம் புலம்பினார். “கையை எடுத்தேன், புத்தியை எடுத்தேன், இப்ப அப்பத்தையும் எடுத்துட்டேன்.”

போதகர் யோசித்தார். “எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலண்ணே” என்றார். அந்தப் பதிலுக்காக வயர்மேனுக்கு அவர் மேல் மரியாதை கூடியது.

வேறு தேவாலயத்துக்கு மாறிவிடலாமே என்றாள் மனைவி. வயர்மேன் அதைப் பல நாள் யோசித்தார். ஸ்டோர் ரூமில் யோசிக்க நேரத்துக்குப் பஞ்சமில்லை. ஆண்டவரோடு கூடவே இருந்தவர்களில் இரண்டு பேர் அவரைக் கைவிட்டார்கள். ஒருவன் காட்டிக்கொடுத்தான், ஒருவன் தெரியாது என்று சொன்னான். காட்டிக்கொடுத்தவனும் வருந்தத்தான் செய்தான், ஆனால் தனியாகப் போய்விட்டான், முடிந்துபோனான். தெரியாது என்றவன் அழுதான், அழுதுவிட்டு மற்றவர்களோடேயே கிடந்தான், அதனால் ஆண்டவர் உயிர்த்தெழுந்து வந்தபோது அவனைக் கூப்பிட முடிந்தது. காட்டிக்கொடுத்தவனும் போகாமல் கிடந்திருந்தால்? அவனையும் கூப்பிட்டிருப்பார் என்றே வயர்மேனுக்குத் தோன்றியது. இது சரியான உபதேசமா என்று போதகரிடம் அவர் கேட்கவில்லை. மனைவியிடம் மட்டும் சொன்னார்: “வேற எங்கயும் போக வேணாம். தேடினா கண்ணுல படற மாதிரி அங்கேயே உக்காந்திருக்கேன்.”

கடைசி வரிசையில், மைக் பெட்டிக்குப் பக்கத்தில், செய்வதற்கு ஒரு வேலையும் இல்லாமல் உட்கார்ந்தார். ஒளிந்துகொள்ளத் திருகாணி இல்லாமல் அப்படி உட்காருவது எவ்வளவு கஷ்டம் என்று உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். சிலர் திரும்பிப் பார்த்தார்கள், சிலர் பார்க்காததுபோல் இருந்தார்கள். தங்கை ஒரு தடவையும் பார்க்கவில்லை.

மூன்றாவது மாதம். போதகர் அப்பத்தை எடுத்தார், வரிசைகள் எழுந்தன. நான்காவது வரிசையில் மாப்பிள்ளை எழுந்தார். வயர்மேனுக்கு அப்பாடா என்று இருந்தது. தன்னை மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை, அவர் போய் வாங்கினால் போதும் என்று கண்ணை மூடிக்கொண்டார்.

கண்ணைத் திறந்தபோது மாப்பிள்ளை அவர் முன்னால் நின்றுகொண்டிருந்தார். முன்னால் போகிற ஆட்களுக்கு எதிராகப் பின்னால் நடந்து வந்திருந்தார். சபையே பார்த்துக்கொண்டிருந்தது.

“எந்திரி மச்சான்.”

“நீ போ மாப்ள. எனக்குத் தகுதி இல்ல.”

“தகுதியப் பத்தி யார் கேட்டா? எனக்குக் கோவம் இன்னும் போகல. ஆணியில மாட்டினதை நெனச்சா இப்பவும் உன் பல்லை உடைக்கணும்போல இருக்கு.” மாப்பிள்ளை குரலைத் தாழ்த்தினார். “ஆனா எனக்குப் பசிக்குது மச்சான். மூணு மாசமாச்சு. உன்னை விட்டுட்டுப் போகலாம்னு பார்த்தேன், கால் வரல. கோவம் போன பிறகுதான் போகணும்னா ரெண்டு பேரும் இங்கயே கிடந்து செத்துப்போவோம். எந்திரி.”

வயர்மேன் எழுந்தார். இரண்டு பேரும் நடுவழியில் நடந்தார்கள். அந்த வழி அவ்வளவு நீளம் என்று வயர்மேனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மரத்தடுப்பில் பக்கத்துப் பக்கத்தில் முழங்காலிட்டார்கள். மாப்பிள்ளை இடது கையை நீட்டினார், போதகர் அதில் ஒரு துண்டு அப்பத்தை வைத்துவிட்டு அடுத்த அடி வைத்தார். வயர்மேனின் இரண்டு கைகளும் தொடையோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தன. போதகர் காத்திருந்தார்.

“நீட்டு” என்றார் மாப்பிள்ளை, பக்கத்தில் திரும்பாமலே.

வயர்மேன் நீட்டினார். அப்பம் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. வாயில் வைத்துக்கொண்டு, சபை பார்க்கிறது என்ற நினைப்பே இல்லாமல், தலையை மரத்தடுப்பில் சாய்த்து அழுதார். பின்னால் அடுத்த வரிசை வந்து நின்றது. வாங்கினவர்கள் எழுந்து இடம்விட வேண்டும் என்பது மாப்பிள்ளைக்குத் தெரியாததல்ல. அவர் எழவில்லை. மச்சான் அழுது முடிக்கிறவரை பக்கத்திலேயே முழங்காலில் இருந்தார்.